ஒன்றரை ஷிப்ட் முடிந்து கிரிட்டா பழக: வகுப்பா, வீடியோவா, ஒரே ஒரு துணி டிசைனா?

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வீடு வந்து, குளித்துச் சாப்பிட்டு நிமிர்ந்தால் மணி ஒன்பதரை. தூக்கம் வருவதற்குள் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதற்குள் கிரிட்டா மாதிரி ஒரு ஓவிய மென்பொருளைப் பழக மூன்று வழி உண்டு: ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, யூடியூப் தொடர், துணிக்கு அச்சடிக்கிற பிரிண்டிங் பட்டறைக்குக் கொடுக்கிற மாதிரி ஒரே ஒரு டிசைனைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுவது. மவுஸே பிடித்துப் பழகாதவருக்கு வகுப்பு. மற்றவர்களுக்கு மூன்றாவதுதான் சீக்கிரம் கை கொடுக்கும்.

வகுப்பில் ஒரு பெரிய வசதி, பக்கத்தில் ஆள் இருப்பது. 'பிரஷ் வரையவே மாட்டேங்குதுங்க' என்று வீட்டில் ஒரு ராத்திரி முழுக்கத் தவிப்பவருக்கு, தெரியாமல் ஆங்கில 'ஈ' விசையைத் தட்டி அழிப்பான் முறைக்குப் போய்விட்டீர்கள் என்று சொல்ல அங்கே இரண்டு நொடி போதும். ஆனால் நம் ஊர் மையங்களில் பெரும்பாலும் சொல்லிக்கொடுப்பது கோரல்டிராவும் போட்டோஷாப்பும்தான், அதுவும் மவுஸில். கணினியில் செருகி பேனாவால் வரைகிற பலகையான பேனா டேப்லெட்டில் கை பழக அது உதவாது. போட்டோஷாப்பை வீட்டில் தொடர்ந்து பழகச் சந்தா கட்ட வேண்டும். இலவசச் சோதனை 7 நாள்தான். ஞாயிறு கற்றது அடுத்த ஞாயிறு வரை விரலில் நிற்பதும் இல்லை. சேருவதாக இருந்தால், வார நாட்களிலும் தொட்டுப் பழகக்கூடிய மென்பொருள்தானா என்று கேட்டுக்கொண்டு சேருங்கள். கிரிட்டா அதன் சொந்தத் தளத்தில் இலவசம். ஸ்டீமிலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் அதையே விலைக்கு வைத்திருக்கிறார்கள், பார்த்து இறக்குங்கள்.

வீடியோவின் சிக்கல் வேறு. பார்க்கும்போது எல்லாம் புரியும், கையில் ஒன்றும் ஏறாது. பத்து மணி நேரத் தொடரை முதலிலிருந்து பார்ப்பதைவிட, அகராதி புரட்டுவது போல, சந்தேகம் வரும்போது அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் பார்த்து மூடிவிட்டுச் செய்வது மேல். லேப்டாப் திரையைப் பாதிப் பாதியாகப் பிரித்தால் வரைய இடம் இருக்காது. வீடியோ போனில் ஓடட்டும். எந்தப் பதிப்புக்கு எடுத்தது என்றும் பாருங்கள். பதிப்பு மாறினால் மெனு இடம் மாறும், 'எனக்கு மட்டும் அது காணோமே' என்று அரைமணி நேரம் போய்விடும். வெளிநாட்டு வீடியோக்களில் சாதாரணமாக வராத சங்கதி தமிழ் எழுத்து. பழைய போட்டோஷாப்பில் 'கொங்கு' என்று யூனிகோடில் தட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பிரிஃபரன்சஸில் டைப் பகுதியில் தெற்காசிய எழுத்துக்கான தேர்வைப் போட்டு, மென்பொருளை மூடித் திறந்தால் சரியாகும்.

பல்லடம், காங்கேயம் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் போனில் ஐபிஸ்பெயின்ட் என்ற ஓவிய ஆப் போட்டுப் பழகலாமா? லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற கண்ணாடித்தாள் மாதிரி), நிறக் கலப்பு எல்லாம் பிடிபடும். குலுங்குகிற பஸ்ஸில் கோடு வராது, அவ்வளவுதான்.

இனி மூன்றாவது வழி. துணி முழுக்க ஓடுகிற ஒரு பூ டிசைனை எடுத்துக்கொள்ளுங்கள். துணியில் உருண்டு அச்சடிக்கிற உருளையான ரோட்டரி ஸ்கிரீனின் வழக்கமான சுற்றளவு 64 செ.மீ. அதனால் ரிப்பீட், அதாவது திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டின் நீளம், 64-ஐ மிச்சமில்லாமல் வகுக்க வேண்டும். 16 செ.மீ. எடுத்தால் சுற்றுக்கு 4 தடவை பொருந்தும். 15 என்றால் நான்கு போக 4 செ.மீ. மிஞ்சி, ஒவ்வொரு சுற்றிலும் பூ வெட்டுப்படும். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 16 செ.மீ. என்பது 1890 பிக்சல். 1890-க்கு 1890 என்று கேன்வாஸ் (வரையும் தாள்) திறந்தால் ஒரு லேயருக்குச் சுமார் 14 எம்.பி. நினைவகம்தான். முழு 64 செ.மீ. சதுரமாகத் திறந்தால் 7559 பிக்சல், லேயருக்கு 230 எம்.பி. அளவில் போகும். 8 ஜி.பி. லேப்டாப் பத்து லேயரில் திணறும். பிரஷ் இழுத்து இழுத்து வந்தால் மென்பொருளைத் திட்டாதீர்கள், முதலில் இந்த அளவைப் பாருங்கள்.

கிரிட்டாவில் கேன்வாஸ் திறந்ததும் 'டபிள்யூ' விசையைத் தட்டினால் படம் நாலு பக்கமும் திரும்பத் திரும்பத் தெரியும். வலது ஓரத்தைத் தாண்டி இழுத்த இதழ் இடது ஓரத்தில் வந்து முடியும், ரிப்பீட் தானாகவே அமைந்துவிடும். தற்செயலாக இதைத் தட்டியவர்கள் ஃபைலே கெட்டுப்போச்சு என்று பதறுவார்கள்; மறுபடி தட்டினால் பழையபடி வரும். பேனா அழுத்தம் வேலை செய்யாவிட்டால், கிரிட்டாவின் அமைப்பில் டேப்லெட் பகுதிக்குப் போய் பேனாவைக் கணினி படிக்கும் இரண்டு முறைகளான வின்டேப், விண்டோஸ் இங்க் இரண்டில் இப்போது இல்லாத மற்றதை மாற்றி, மூடித் திறங்கள். பாதிப் பேருக்குத் தொல்லை அதோடு தீரும்.

வண்ணத்தில்தான் நிஜப் படிப்பு. பிரிண்டிங் மாஸ்டரிடம் காட்டினால் அழகாக இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க மாட்டார், 'ஏனுங் தம்பி, இது எத்தனை கலருங்க?' என்றுதான் கேட்பார். ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன். மென்மையான பிரஷ்ஷில் வரைந்து ஜேபெக்காகக் கொடுத்தால் ஓரமெல்லாம் நூற்றுக்கணக்கான இடைச் சாயல். அதைப் பிரிக்க முடியாமல் அவர் திரும்ப வரைய வேண்டும். ஓரம் கூரான பிரஷ்ஷை எடுத்து, கலருக்கு ஒரு லேயர் வீதம், நாலு கலர் என்றால் நாலு லேயரில் வைத்து, லேயர்கள் தனித்தனியாக நிற்கிற போட்டோஷாப் ஃபைலான பிஎஸ்டியாகச் சேமித்துக் கொடுங்கள். லேயர் எதற்கு என்பது அப்போது மனதில் ஏறுகிற மாதிரி எந்த வீடியோவிலும் ஏறாது.

இதற்கு வாரத்தில் ஐந்து ராத்திரி, முக்கால் மணி வீதம், இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு இரவும் நிறுத்துமுன், நாளைக்கு முதலில் செய்ய வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் முதல் பத்து நிமிடம் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே போகும். இதில் விட்டுப்போவது உடல்வடிவம், ஒளிநிழல் மாதிரியான ஓவிய அடிப்படைகள். அதற்குக் காகிதமும் பென்சிலும் போதும்.

போட்டோஷாப் பழகிய கைக்கு ஒரு எச்சரிக்கை: கிரிட்டாவில் போட்டோஷாப் விசைகளையே வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. வசதிதான், ஆனால் அதைப் போட்டால் கிரிட்டா வீடியோவில் சொல்லும் விசைகள் உங்கள் கணினியில் ஒத்துவராமல் போகலாம். வீடியோவைத் துணைக்கு வைத்துப் பழகுகிறவர்கள் முதல் மாதம் அதைத் தொடாமல் விடுங்கள்.