பலூ தம்பியோடு நாலு வருஷம்

கடைப் பலகை, விசிட்டிங் கார்டு, காதுகுத்துப் பத்திரிகை என்று கைக்கு வருவதையெல்லாம் டிசைன் செய்கிற ஆள் நான். பலூ தம்பி எழுத்துருவை முதலில் எடுத்தது ஒரு ஜூஸ் கடைக்காக, அதற்கப்புறம் அதைத் தொடாத வாரம் குறைவு.

மும்பையின் ஏக் டைப் என்கிற எழுத்துரு வடிவமைப்புக் குழு செய்தது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது, திறந்த உரிமம் என்பதால் வணிக வேலைக்கும் தடையில்லை. பலூ பல மொழிகளில் உண்டு, பெரும்பாலானவற்றுக்கு ஒரு சகோதரப் பெயர் வைத்திருக்கிறார்கள்: பஞ்சாபிக்குப் பாஜி, மலையாளத்துக்குச் சேட்டன், நமக்குத் தம்பி. பக்கத்து வீட்டை அண்ணனாக்கிவிட்டார்களே என்று சின்ன வருத்தம் உண்டு!

தமிழில் ப, ட எல்லாம் நேர்க்கோடும் மூலையுமாக இருப்பதால், தடிமன் ஏற்றினால் பெட்டி அடுக்கியது போல ஆகிவிடும். இதில் முனைகளை மழுக்கி வளைத்திருப்பதால் அவ்வளவு தடியாக இருந்தும் முரட்டுத்தனம் தெரியவில்லை. எனக்கு இதைவிடப் பெரிய வசதி, ஆங்கில எழுத்தும் அதே கையால் எழுதியது போல இருப்பது. நம் ஊர்ப் பலகையில் தமிழ் பெரிதாகவும் ஆங்கிலம் கீழே சிறிதாகவும் வர வேண்டும், இரண்டுக்கும் ஜோடி தேடியே முன்பு பாதி நாள் போகும். ஸ்டிக்கர் வெட்டும்போதும் லாபம்தான், கூர்மூலை இல்லாததால் ஓரம் சீக்கிரம் உரிந்து எழும்புவதில்லை.

சரி, குறைகள். முதலில் வந்த பலூவில் ஒரே ஒரு தடிமன்தான், நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பால் பண்ணைக்கு விசிட்டிங் கார்டு அடித்தபோது கீழ்வரியை 8 பாயின்ட்டில் வைத்துவிட்டேன், 'பண்ணை'யில் இருந்த சுழி எல்லாம் மையில் அடைத்துக்கொண்டு கறுப்பு உருண்டையாக வந்தது, ஆயிரம் கார்டும் என் செலவில் மறுபடி. ணை, ஞ, ஐ இருக்கிற சொல்லைச் சின்னதாகப் போடவே போடாதீர்கள். பலூ தம்பி 2 வந்த பிறகு ஐந்து தடிமன் கிடைக்கிறது, சின்ன வரிகளுக்கு நான் மீடியம் தடிமனைத் தாண்டுவதில்லை. பத்தி பத்தியாக ஓட்டுவதற்கு அதுவும் ஆகாது, நாலாவது வரியிலேயே கண் சோர்ந்துவிடும்.

இணையதளத்தில் போடுகிறவர்களுக்கு வேறு தொல்லை: இதன் வரி உயரம் தாராளம், பொத்தானுக்குள் எழுத்து நடுவில் நிற்காது, பேடிங்கை, அதாவது எழுத்தைச் சுற்றி விடும் இடைவெளியை, கையால்தான் சரிசெய்ய வேண்டும். பழைய போட்டோஷாப்பில் கொம்பு இடம் மாறி நின்றால் எழுத்துருவைத் திட்டாதீர்கள், டைப் அமைப்பில் வேர்ல்டு ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

போன மாதம் அதே ஜூஸ் கடைக்காரர் வந்து, வீட்டுப் பெரியவருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர், "நம்ம கடை எழுத்துலயே போடுங்க தம்பி" என்றார். போட்டுக் காட்டினேன். பெரியவர் படத்துக்குக் கீழே எழுத்து கொழுகொழுவென்று சிரித்துக்கொண்டிருந்தது. அவரே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேற போட்டுருங்க" என்றார்.