களஞ்சியம் செயலி: சீட்டு வரும், சரிபார்ப்பது நீங்கள்தான்

மாநில அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலியில் அதிகம் உதவுவது சம்பளச் சீட்டுப் பகுதி. பில் கிளார்க் மேசை முன்னால் போய் நிற்கிற வேலை மிச்சம். அதற்குத் தாராளமாக மார்க் போடலாம்.

சீட்டு வந்துவிட்டால் சம்பளம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. சம்பள விவரத்தை ஒருவர் பதிவேற்ற, இன்னொருவர் சரிபார்க்க, சம்பளம் பெற்று வழங்கும் அலுவலர் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் பில் கருவூலத்துக்குப் போகிறது. சம்பளத்தை மாற்றும் உத்தரவே பதிவேறவில்லை என்றால் மூன்று பேரும் பழைய தொகைக்கே ஓகே போடுவார்கள்.

ஏற்காட்டில் வேலை பார்ப்பவருக்கு மலைப்படி உண்டு. மாறுதலாகி 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் வந்துவிட்டால் அது நிற்க வேண்டும். எல்.பி.சி.யில் (கடைசி ஊதியச் சான்றிதழ்) எழுதியாயிற்று என்று விட்டுவிட்டு, கணினியில் அந்தப் படிக்கு முடிவுத் தேதி போட மறந்தால் மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். வாங்குகிறவரும் வாய் திறக்க மாட்டார்! தணிக்கையில் மாட்டினால் மொத்தமாகப் பிடித்தம். வீட்டு வாடகைப்படியும் ஊருக்கு ஊர் மாறும். அதையும் சேர்த்துப் பாருங்கள்.

கூடுதலாகக் கொடுத்ததைத் திரும்பப் பிடிக்கவே முடியாது என்று சொல்பவர்கள் உச்ச நீதிமன்றத்தின் 2014 ரஃபிக் மசி தீர்ப்பைக் காட்டுவார்கள். சி, டி பிரிவு ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களுக்கு அதில் பாதுகாப்பு உண்டு. ஆனால் கூடுதல் தொகையைத் திருப்பித் தருகிறேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தால் பிடிக்கலாம் என்று 2016-ல் ஜக்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊதிய நிர்ணயத்தின்போது எதில் கையெழுத்துப் போட்டோம் என்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

சி.பி.எஸ். (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) பிடித்தத்தை நீங்களே கணக்குப் போடலாம். அடிப்படை ஊதியம் 40,000, அகவிலைப்படி 58 சதவீதம் என்றால் 23,200, கூட்டினால் 63,200. அதில் 10 சதவீதம், 6,320 ரூபாய். வேறு தொகை இருந்தால் அடிப்படையோ அகவிலைப்படியோ தவறு. ஆண்டு ஊதிய உயர்வு உங்கள் காலாண்டில் (ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1) ஏறியதா என்று அந்த மாதச் சீட்டிலேயே பார்த்துவிடுங்கள். கூட்டுறவுச் சங்கக் கடன் தவணை முடிந்த மறுமாதமும் பிடிக்கிறார்களா என்பதும் பார்க்க வேண்டியது.

செயலியின் பெரிய குறை, ஒரு படி எந்த உத்தரவின்படி, எந்தத் தேதியிலிருந்து வருகிறது என்பது சீட்டில் இல்லை. அது இருந்தால் பாதித் தவறு முதல் மாதமே தெரிந்துவிடும். இப்போதைக்கு முந்தைய மாதச் சீட்டைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுவதுதான் வழி. தவறு இருந்தால் கருவூலத்துக்கு அலைய வேண்டாம். உத்தரவு எண்ணோடு உங்கள் சம்பளம் பெற்று வழங்கும் அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.