காரைக்குடிப் பேருந்து எட்டும் தூரத்தில்: கலைக் கல்லூரியா, பாலிடெக்னிக்கா, சமுதாயக் கல்லூரியா?

சாக்கோட்டை, கண்டனூர், ஆத்தங்குடி, கானாடுகாத்தான் ஆகிய ஊர்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்துவரும் பல பிள்ளைகளுக்கு, விடுதிச் செலவில்லாமல் காலையில் பேருந்து ஏறி மாலையில் வீடு திரும்ப முடிகிற படிப்பே சாத்தியமானது. அந்த எல்லைக்குள் நின்றே இம்மூன்றையும் ஒப்பிடுகிறேன்.

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 1947இல் தொடங்கிய கலைக் கல்லூரி இன்று அரசுக் கல்லூரி. அங்கே பெறும் பட்டம் தேர்வாணையத்தின் குரூப் 2 தேர்வுக்கும் பி.எட். படிப்புக்கும் வழி திறக்கிறது. மேற்படிப்புக்கு 1985இல் உருவான அழகப்பா பல்கலைக்கழகமும் அதே ஊரில் இருக்கிறது. பெண் பார்க்க வருபவர்கள் முதலில் கேட்பதும் டிகிரியைத்தான். ஆனால் மூன்றாண்டுகள் கழித்தும் கையில் தொழில் இராது என்பதே இதன் குறை.

பாலிடெக்னிக்கின் பலம் அதன் ஏணி. பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மூன்றாண்டுகள். ஐ.டி.ஐ. முடித்தவரும், பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் அல்லது தொழிற்பிரிவு படித்தவரும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தபின் பொறியியலின் இரண்டாம் ஆண்டில் சேர, 1952இல் தொடங்கிய அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியும் காரைக்குடியிலேயே உள்ளது. கணக்கில் தடுமாறும் பிள்ளை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாட்டின் அடிப்படையே சுற்றுவட்டாரத்துத் தொழில்களுக்கேற்பப் பாடத்தை அமைத்து, பயிற்சியின் ஒரு பகுதியைப் பணியிடத்திலேயே தருவதாகும். பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாகியுள்ள செட்டிநாட்டில் சமையல், விருந்தோம்பல், பயணிகளுக்கு வழிகாட்டுதல், பழங்கட்டடப் பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை என்பேன். சிக்கல் சான்றிதழில்தான் இருக்கிறது. ஓராண்டு டிப்ளமோவை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம், அதன் மதிப்பலகுகள் (கிரெடிட்) பி.வோக். என்னும் தொழிற்கல்விப் பட்டப்படிப்பில் ஏற்கப்படுமா, பணியிடப் பயிற்சி எங்கே என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்துபூர்வமான பதில் கிடைக்காத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

உதவித்தொகையும் கணக்கில் சேர வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டமும், மாணவருக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. கலைக் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் இதற்குள் வரும். தொலைநிலைக் கல்வி வராது.

ஏணியில் ஏறப் பொறுமையும் கணக்கில் பிடிப்பும் உள்ளவருக்குப் பாலிடெக்னிக்கையும், அரசுத் தேர்வை உறுதியாக நாடுபவருக்குக் கலைக் கல்லூரியையும் சொல்வேன். பன்னிரண்டில் வணிகவியல் படித்து, வீட்டுக்கு உடனே ஒரு சம்பளம் தேவைப்படுகிற பிள்ளை, நம்பகமான சமுதாயக் கல்லூரியில் ஓராண்டு பயின்று வேலையில் அமர்ந்தபின், அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் பி.காம். சேரலாம், மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்காது, ஆனால் சம்பளம் வந்துகொண்டிருக்கும்.