கடல் ஓசை கேட்க ஒரு சின்ன ரேடியோ

ராமேஸ்வரத்தில் ஒரு கடையில் இந்த ரேடியோவை 600 ரூபாய்க்கு வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. உள்ளங்கை அளவு, இரண்டு பென்சில் பேட்டரி. அப்பாவுக்காக வாங்கினேன். அவருடைய புது போனில் எஃப்.எம். இல்லை. போன்களில் எஃப்.எம்.மை எடுத்துவிடாதீர்கள் என்று 2023-இல் மத்திய அரசே கம்பெனிகளிடம் சொன்னது, ஆனால் அது வெறும் அறிவுரைதான். போன் விற்றவர் "ஆப் போட்டுக் கேளுங்க" என்றார். ரீசார்ஜ் முடிந்த அன்று ஆப் பேசாது. வீட்டுக் கூரைக்கு மேலே சும்மா போகிற அலையைக் கேட்க டேட்டாவுக்குக் காசு கட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

முள் 90-ஐத் தாண்டினதும் கடல் ஓசை, 90.4. மீனவர்களுக்காகப் பாம்பனில் நடக்கும் சமுதாய வானொலி. அப்பா கட்டைவிரலால் சக்கரத்தை நூல் நூலாக நகர்த்துவார். இரைச்சல் அடங்கியதும் கையை மெதுவாக எடுத்துவிட்டு, எங்களையும் பேசாமல் இருக்கச் சொல்வார். காற்று, அலை உயரம் எல்லாம் கேட்டுவிட்டு, "காத்து கூடுமாம்மா, இன்னைக்கு வேணாம்" என்று வலையை மறுபடி மடித்து வைத்த நாளும் உண்டு.

குறைகள்: உப்புக் காற்றில் மூன்றாம் மாதமே ஏரியல் மூட்டு துருப்பிடித்தது. தேங்காய் எண்ணெய் விட்டபின் பரவாயில்லை. சக்கரம் லூசு, சட்டைப் பையில் போட்டால் ஸ்டேஷன் நகர்ந்துவிடும்.

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டில் தெளிவாகக் கேட்கிறது. படகு கொஞ்ச தூரம் போனதும் வெறும் இரைச்சல். அது ரேடியோவின் குற்றம் இல்லை. சமுதாய வானொலிக்குப் பொதுவாக 100 வாட் ஒலிபரப்புச் சக்தியும் 30 மீட்டர் கோபுரமும்தான் அனுமதி. கடலோடிகளின் வானொலிக்காவது இதைக் கூட்ட வேண்டும். சொந்தமாகச் செய்தி வாசிக்கவும் விடுவதில்லை, ஆகாசவாணி செய்தியைத்தான் போடலாம். வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. பொதுச்சொத்து என்றால் பாம்பன்காரருக்கும் அதில் பங்கு உண்டுதானே?

இணைய விஷயத்தில் இப்படிக் கேட்டதற்குப் பலன் கிடைத்தது. எந்தத் தளங்களை இலவசமாகத் திறப்பது என்பதைக் கம்பெனிகள் தீர்மானிக்கும் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தை ஃபேஸ்புக் கொண்டுவந்தபோது, லட்சக்கணக்கானவர்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய்க்கு எழுதினார்கள். நானும் எழுதினேன். 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வைக்கக் கூடாது என்று ட்ராய் தடை போட்டது. வானொலிக்கும் அப்படி எழுத வேண்டும்.

சரி, ரேடியோவை வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். கடலுக்குக் கொண்டுபோனால் பாலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். அப்பா பையைப் பிரிக்காமலே கேட்கிறார், சத்தம் குறையவில்லை.