மெயில் ஹெடரில் ரிசீவ்டு, எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்: எதை எவ்வளவு நம்பலாம்?

மெயில் வந்த வழியும் சோதனை முடிவுகளும் பதிவாகியிருக்கும், வழக்கமாகக் கண்ணில் படாத பகுதிதான் ஹெடர். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் அனுப்பியவரின் டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) உண்மையா என்று பார்க்கும் சோதனைகள். சந்தேகத்துக்குரிய மெயிலின் ஹெடரைத் திறந்து, 'எஸ்பிஎஃப்=பாஸ்' என்று கண்டதும் நிம்மதியாக மூடிவிடுபவர்கள் நிறையப் பேர். ஏமாறுவது அங்கேதான். யார் பெயரில் பாஸ் ஆனது என்று பார்க்காத வரை அந்தச் சொல்லுக்கு மதிப்பே இல்லை.

முழு ஹெடரைக் கணினியில் பார்ப்பதே வசதி. ஜிமெயிலில் மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்', தண்டர்பேர்டில் கன்ட்ரோல்-யு. வேறொருவருக்கு வந்த மெயிலைச் சோதிக்க வேண்டுமானால் சாதாரணமாக ஃபார்வர்டு செய்யச் சொல்லாதீர்கள்; அதில் ஃபார்வர்டு செய்தவரின் ஹெடர்தான் இருக்கும். இஎம்எல் கோப்பாக (ஹெடரோடு சேர்த்து முழு மெயிலும் இருக்கும் கோப்பு) இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

முதலில் ரிசீவ்டு வரிகள். வழியில் உள்ள ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே சேர்க்கும். எனவே பயணத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும், நம்பிக்கையை மேலிருந்து கீழாக வைக்க வேண்டும். உங்கள் மெயில் நிறுவனம் வெளியாரிடமிருந்து மெயிலை வாங்கிய வரி எது என்று கண்டுபிடியுங்கள். அதில் 'ஃப்ரம்' என்ற சொல்லை அடுத்து வரும் பெயர், எதிர்முனை தானே சொல்லிக்கொண்டது. என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சதுர அடைப்புக்குள் இருக்கும் ஐபி முகவரி, உங்கள் சர்வர் நேரில் கண்டது. அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வரிக்குக் கீழே இருப்பவை முழுக்கப் புனைந்தவையாகவும் இருக்கலாம். '10.' அல்லது '192.168.' என்று தொடங்கும் முகவரிகளைக் கண்டு பயப்பட வேண்டாம், அவை உள்வலை முகவரிகள். மெயில் எங்கே தாமதமானது என்று அறிய ரிசீவ்டு வரிகளைவிட நல்ல வழி இல்லை; நேர மண்டலத்தைக் கழித்துப் பாருங்கள். அனுப்பியவர் வீடு வரை போகலாம் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஜிமெயில் போன்ற இணைய மெயில்கள் அவருடைய ஐபியை ஹெடரில் காட்டுவதில்லை.

எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் எது மேல்? என் ஓட்டு டிகிமுக்கே. எஸ்பிஎஃப் சோதிப்பது, ரிட்டர்ன்-பாத் (சேராத மெயில் திரும்பிப் போகும் முகவரி) வரியில் உள்ள டொமைன் இந்த ஐபிக்கு அனுமதி தந்திருக்கிறதா என்பதை. நம் கண்ணில் படும் ஃப்ரம் முகவரியை அது தொடுவதே இல்லை. மோசடிக்காரர் தன் சொந்த டொமைனை ரிட்டர்ன்-பாத்தில் போட்டால் சுலபமாகப் பாஸ். மறுபக்கம், நேர்மையான மெயில் தானாக ஃபார்வர்டு ஆகி வந்தால், அனுப்பும் ஐபி மாறிவிடுவதால் ஃபெயில் ஆகலாம். இந்த அனுமதிப் பட்டியல் டிஎன்எஸ்ஸில் (டொமைன்களின் விவரங்கள் இருக்கும் இணையப் பதிவேடு) இருக்கும்; அதைச் சோதிக்கும்போது டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டினால் 'பெர்ம்எரர்' (நிரந்தரப் பிழை) வரும். அது அந்த டொமைனை நிர்வகிப்பவரின் பிழை.

டிகிம் என்பது அனுப்பும் பக்கத்து டொமைன் மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம். 'டி=' கையொப்பமிட்ட டொமைன், 'எஸ்=' டிஎன்எஸ்ஸில் உள்ள எந்தச் சாவியால் சரிபார்ப்பது, 'எச்=' எந்த ஹெடர் வரிகளுக்குக் கையொப்பம், 'பிஎச்=' உள்ளடக்கத்தின் ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் சுருக்க அடையாளம்). உள்ளடக்கம் மாறாத வரை ஃபார்வர்டு ஆனாலும் தாங்கும். குழு மெயில் அமைப்பு அடிக்குறிப்பைச் சேர்த்தாலோ, பாதுகாப்பு மென்பொருள் சுட்டிகளை (லிங்க்) மாற்றி எழுதினாலோ உடையும். 'எல்=' இருந்தால் எச்சரிக்கை தேவை: அத்தனை பைட்டுகளுக்கு மட்டுமே கையொப்பம், அதற்குப் பிறகு யாரும் எதையும் ஒட்டலாம். இன்னொன்று, பழைய சாவியை டிஎன்எஸ்ஸிலிருந்து நீக்கிவிட்டால் பிற்பாடு சரிபார்க்க முடியாது. ஆதாரமாக வைத்துக்கொள்ள வேண்டிய மெயிலை அன்றே சோதித்துவிடுங்கள்.

இந்த இரண்டின் ஓட்டையையும் அடைக்க வந்தது டிமார்க். ஆர்எஃப்சி 7489 ஆக 2015-இல் வெளியானது. இரண்டில் ஒன்றாவது பாஸ் ஆக வேண்டும், அது ஃப்ரம் டொமைனோடு பொருந்தவும் வேண்டும். இப்படி ஒரு ஹெடர் வருகிறது என்று வையுங்கள்:

ஃப்ரம்: பில்லிங்@எக்ஸாம்பிள்.காம்
எஸ்பிஎஃப்=பாஸ், மெயில்ஃப்ரம்=எக்ஸாம்பிள்.நெட்
டிகிம்=பாஸ், டி=எக்ஸாம்பிள்.ஆர்க்
டிமார்க்=ஃபெயில்

மெயில்ஃப்ரம் என்பது ரிட்டர்ன்-பாத் டொமைன்தான். இரண்டு பாஸும் உண்மைதான், ஆனால் இரண்டும் ஃப்ரம் வரியில் இல்லாத வேறு டொமைன்களுக்குச் சொந்தம். இது போலியாக இருக்கலாம், அல்லது பலருக்கு ஒரே நேரத்தில் மெயில் அனுப்பும் சேவையைச் சரியாக அமைக்காத நிறுவனமாக இருக்கலாம். எப்படியானாலும் சுட்டியைத் தொட வேண்டாம். 'பி=நன்' கொள்கை (டிமார்க் ஃபெயில் ஆனாலும் தடுக்கச் சொல்லாதது) வைத்த டொமைனாக இருந்தால் இந்த மெயில் இன்பாக்ஸுக்கே வந்து சேரலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

இந்த முடிவுகள் இருக்கும் அத்தென்டிகேஷன்-ரிசல்ட்ஸ் வரியையே அனுப்புபவர் போலியாகச் செருகலாம். வரியின் தொடக்கத்தில் உள்ள பெயர் உங்கள் மெயில் நிறுவனத்தின் சர்வர்தானா என்று பாருங்கள்; ஜிமெயிலில் அது எம்எக்ஸ்.கூகுள்.காம்.

ஆகவே முதலில் டிமார்க். அதன் முடிவு 'நன்' என்றால், அதாவது அந்த டொமைன் டிமார்க்கே வைக்கவில்லை என்றால், டிகிமின் 'டி='-ஐ ஃப்ரம் டொமைனோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எஸ்பிஎஃப் மட்டும் பாஸ் என்றால் ரிட்டர்ன்-பாத்தைப் பார்க்காமல் நம்பாதீர்கள். ஒரே ஓர் எழுத்து மாறிய டொமைனும், கடவுச்சொல் திருடப்பட்ட உண்மையான கணக்கும் இந்த மூன்று சோதனைகளிலும் தேறிவிடும். அப்போது ரிப்ளை-டு வரி வேறு முகவரிக்குப் போகிறதா என்று பாருங்கள். பணம் சம்பந்தப்பட்டதென்றால், மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்.