பினாங்கில் ஒரு நாள்: தனி வழிகாட்டியா, ஊர் வேனா, சொந்தக் காரா, ரயிலா?

பேராக்கின் சுங்கை சிப்புட்டிலிருந்து விடியற்காலை கிளம்பி, பினாங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரவு வீட்டில் வந்து படுக்க நான்கு வழிகள் உண்டு. வண்டியும் வழிகாட்டியும் சேர்த்து எட்டு மணி நேரத்துக்குப் பேசும் தனிச்சுற்றுலா, ஊரில் பழக்கமான வேன்காரர், சொந்தக் கார், ரயிலும் ஃபெரியும். பெரும்பாலான குடும்பங்கள் எது மலிவு என்றுதான் முதலில் பார்க்கின்றன. அதற்கு முன் தீர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அந்த நாளில் வழிகாட்டி உண்மையில் எத்தனை மணி நேரம் தேவை? அது தெரிந்துவிட்டால் மீதிக் கணக்கு தானாகவே வந்துவிடும்.

எட்டு மணி நேரம் எங்கே கரைகிறது

தனிச்சுற்றுலாவில் வழக்கமாகக் கொடுக்கும் பட்டியல் இப்படி இருக்கும்: கொடிமலை (பினாங்கு ஹில்), கெக் லோக் சி புத்தர் கோயில், தண்ணீர்மலை முருகன், சாப்பாடு, ஜார்ஜ்டவுன் பழைய தெருக்கள், கடலோரச் சீனர் குடியிருப்பான சியூ ஜெட்டி. காகிதத்தில் எல்லாம் அடங்கிவிடும். நடப்பு வேறு.

கொடிமலை ரயில் மேலே போக பத்து நிமிடம்கூட ஆகாது. 1923இல் ஓடத் தொடங்கிய பாதை அது. 2011இல் புதிய பெட்டிகள் வந்த பிறகு நடுவழியில் வண்டி மாறும் வேலையும் போய்விட்டது. நேரத்தைத் தின்பது வரிசைதான். பள்ளி விடுமுறையில், நீண்ட வாரக் கடைசியில் ஏறுவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டி வரும். இறங்குவதற்கும் வரிசை உண்டு என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. மேலே ஒரு மணி நேரம், அருளொளி திருமுருகன் ஆலயத்தில் கும்பிட இருபது நிமிடம் என்று வைத்தால் மலைக்கு மட்டும் மூன்று மணி நேரம் போய்விடும். அந்த மூன்று மணி நேரமும் வழிகாட்டி உங்களோடு வரிசையில் நிற்கிறார், அதற்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். மலையில் அவர் சொல்லிக் காட்ட வேண்டியது குறைவு. காட்சி கண்ணெதிரே இருக்கிறது, பலகைகளும் இருக்கின்றன.

கெக் லோக் சி ஆயிர் ஈத்தாமில், மலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே உள்ளது. கட்டத் தொடங்கியது 1890இல், பத்தாயிரம் புத்தர் கோபுரம் முடிந்தது 1930இல், 30 மீட்டருக்கும் உயரமான, கருணைத் தெய்வம் குவான் யின் வெண்கலச் சிலை 2002இல் வந்தது. இங்கே தேவைப்படுவது வழிகாட்டியைவிட வழி தெரிந்த ஓட்டுநர். கீழே இறக்கிவிட்டால் கடைகளுக்கு நடுவே படி ஏறி, ஆமைக் குளத்தைத் தாண்டி வியர்த்துக் கொட்ட நடக்க வேண்டும். மேலே கோபுரத்துக்கு அருகிலேயே கார் நிறுத்துமிடம் உண்டு. முழங்கால் வலியுள்ள பாட்டியை அழைத்துப் போகிறவர்கள் வண்டியைப் பேசும்போதே ‘மேல் பார்க்கிங் வரை போகணும்’ என்று சொல்லிவிட வேண்டும். சிலைக்குப் போக சாய்தள லிஃப்ட் இருக்கிறது, அதற்குத் தனிச் சீட்டு.

தண்ணீர்மலைக்கு 513 படி. ஏறி இறங்கி, கும்பிட்டு வர ஒன்றரை மணி நேரம் வையுங்கள். பதினொரு மணிக்குப் பிறகு வெயில் படியில் நேரே இறங்கும், வயதானவர்களுக்குத் தாங்காது.

ஆக, மலை, கெக் லோக் சி, படிக்கட்டு மூன்றும் சேர்ந்தால் ஆறு மணி நேரம் போய்விடும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். பழைய தெருக்களுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு மணி நேரம், அதுவும் எல்லாரும் களைத்துப் போன பிற்பகலில். தனிச்சுற்றுலாவில் ஏமாந்த உணர்வோடு திரும்புகிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். வழிகாட்டி மோசமானவராக இருந்ததால் அல்ல. அவருக்குத் தெரிந்த பொருள் எங்கே இருந்ததோ அங்கே நேரம் இல்லாமல் போனதால்.

வழிகாட்டியின் அருமை தெருவில் தெரியும்

2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஜார்ஜ்டவுனில், ஃபெரி துறையிலிருந்து சியூ ஜெட்டி, ஆர்மேனியன் தெரு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சூலியா தெரு நாகூர் தர்கா, குயின் தெரு மகாமாரியம்மன் என்று நடந்தால் மொத்தமே சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் சொல்லித் தர ஆள் இல்லாமல் நடந்தால் சுவர் ஓவியத்துக்கு முன் சைக்கிளில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். அந்த ஓவியங்கள் 2012இல் வரையப்பட்டவை. பள்ளிவாசல் 1801இல் காதர் மொகிதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர் எழுப்பியது. மாரியம்மன் கோயில் 1833ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எது யாருடைய வரலாறு என்று யோசித்துப் பாருங்கள்.

தோட்டத்துக் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு நெருக்கமும் உண்டு. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறியவர்கள் வந்து இறங்கிய முதல் துறைமுகம் பலருக்கு இந்தப் பினாங்குதான். ரஜூலா கப்பல் 1920களிலிருந்து 1970களின் தொடக்கம் வரை இந்தத் தடத்தில் ஓடியது. கூலியாக வந்தவர்கள் பலர் ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டிருந்துவிட்டுத்தான் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பினாங்குத் தீவுக்கு முதல் பாலத்தில் போகும்போது இடப்பக்கம் கடலில் பச்சையாகத் தெரிகிறதே, அந்தத் தீவுதான். பேரப்பிள்ளைகளுக்கு அதைச் சுட்டிக்காட்டிச் சொல்ல ஒருவர் இருப்பது கொடுத்த காசுக்கு மேல் பெறுமானம். ஆனால் இது வழக்கமான பட்டியலில் வராது. பதிவு செய்யும்போதே ‘தமிழ் பேசும் வழிகாட்டி வேண்டும், தமிழர் குடியேற்ற வரலாறு வேண்டும், சுவர் ஓவியம் வழியில் வந்தால் போதும்’ என்று எழுத்தில் கேட்டுவிட வேண்டும். ஆங்கிலத்தில் சொல்லும் வழிகாட்டி வந்தால் பாட்டிக்குப் பாதி போய்விடும்.

உரிமம் பார்ப்பதை விடக் கூடாது. 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி காசு வாங்கி வழிகாட்டுகிறவர் சுற்றுலா அமைச்சின் உரிமம் வைத்திருக்க வேண்டும். நகரச் சுற்றுலா வழிகாட்டிக்கு நீல பேட்ஜ். பச்சை பேட்ஜ் இயற்கைப் பகுதிகளுக்கு. கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவு அல்ல, முறையாக வேலை செய்கிறவர் தானே முன்வந்து காட்டுவார்.

விலை பேசும்போது கேட்க வேண்டியவை சில. எட்டு மணி நேரம் எங்கிருந்து தொடங்குகிறது? சுங்கை சிப்புட் வாசலிலிருந்தா, பட்டர்வொர்த் நிலையத்திலிருந்தா? ஊரிலிருந்தே என்றால் போக வர நான்கு மணி நேரம் நெடுஞ்சாலையிலேயே போகும், சுற்றிப் பார்க்க நான்குதான் மிஞ்சும். நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு? மலை ரயில் சீட்டு சேர்த்தியா, சேர்த்தி என்றால் எந்தக் கட்டணத்தில்? மலேசிய அடையாள அட்டையான மைகார்ட் காட்டினால் உள்ளூர்க் கட்டணம், வெளிநாட்டார் கட்டணத்தில் பாதியைவிடக் குறைவு. இணையத்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்காகப் போட்ட தொகுப்பை அப்படியே வாங்கினால் இந்த வித்தியாசம் உங்கள் பையிலிருந்து போகும். சீட்டை நீங்களே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிடுவது நல்லது. எல்லாருடைய மைகார்ட், பிள்ளைகளின் அடையாள அட்டையான மைகிட் கையில் இருக்கட்டும்.

ஊர் வேன்

பத்துப் பேர் வரை இருந்தால் ஆளுக்கு வரும் தொகை குறைவு, வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொள்வார், வழியில் தைப்பிங்கில் பசியாற நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார். கோயில் குழுவாகப் போகிறவர்களுக்கு இது பழகிய வழி. கோளாறு இரண்டு இடத்தில் வருகிறது. வேன் வாடகைப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றதா என்று யாரும் கேட்பதில்லை. சொந்தப் பயன்பாட்டுக்கான வேனில் காசு வாங்கி ஆள் ஏற்றினால், விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடும். ஓட்டுநரிடம் பொதுப் பயணிகளை ஏற்றும் பி.எஸ்.வி. உரிமம் இருக்கிறதா, வண்டியின் காப்புறுதி எந்த வகை என்று முன்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். ‘அண்ணே, கோபிச்சுக்காதீங்க, பெரியவங்க கூட வர்றாங்க’ என்று சொல்லிக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று, ஓட்டுநருக்கு ஜார்ஜ்டவுன் தெருக்கள் பழக்கமில்லை என்றால் வேன் நிறுத்த இடம் தேடியே நேரம் போகும். பழைய தெருக்கள் குறுகலானவை, பல ஒருவழிப் பாதை. அப்படிப்பட்டவரிடம் ஃபெரி துறைப் பக்கம் இறக்கிவிட்டு, குறித்த நேரத்தில் அதே இடத்துக்கு வரச் சொல்வதுதான் வழி.

சொந்தக் கார்

கோலகங்சார் டோலில் ஏறினால் ஜார்ஜ்டவுன் வரை 130, 140 கிலோமீட்டர். போக வர இருபது லிட்டர் பெட்ரோல் ஒரு சாதாரண மைவி காருக்குப் போதும். பாலத்து டோல் தீவுக்குள் நுழையும்போது மட்டும், திரும்பும்போது இல்லை. நால்வர் ஐவர் குடும்பத்துக்கு இதைவிட மலிவு கிடையாது.

ஆனால் இதன் பெரிய பலம் காசு அல்ல, விடியற்காலை. ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழரைக்கு ஆயிர் ஈத்தாமில் இருக்கலாம். வெளியூர்ப் பேருந்துகள் வந்து சேரும் முன் மலைக்குப் போய், பத்து மணிக்குள் இறங்கிவிடலாம். காலையில் மேலிருந்து பார்த்தால் பாலம் தெளிவாகத் தெரியும். பிற்பகலில் மேகமோ மழையோ மறைத்துவிடும். ஆண்டுக்குச் சில நாள் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்துவார்கள், அதை முன்கூட்டியே அறிவிப்பார்கள். கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

பாலம் இரண்டு. 1985இல் திறந்தது 13.5 கிலோமீட்டர், பிறையிலிருந்து நேரே நகரப் பக்கம் கொண்டுபோய் விடும். 2014இல் திறந்த இரண்டாவது 24 கிலோமீட்டர், பத்து காவானிலிருந்து பத்து மாவுங்குக்கு, அதாவது விமான நிலையப் பக்கம். ஜார்ஜ்டவுனுக்கு முதல் பாலம்தான் சரி. ஜூரு டோலை ஒட்டிய நெரிசல் கடுமையாக இருக்கும் நாளில் மட்டும் இரண்டாவதை யோசிக்கலாம்.

நகரத்தில் கார் நிறுத்த கூப்பன் கிடையாது. ஸ்மார்ட் பார்க்கிங் செயலியை வீட்டிலேயே இறக்கிப் பணம் போட்டு வையுங்கள். மஞ்சள் கோட்டில் ‘ஐந்து நிமிஷம்தானே’ என்று விட்டுப் போனால் சக்கரத்தில் பூட்டு விழும்.

ரயிலும் ஃபெரியும்

இ.டி.எஸ். என்னும் விரைவு மின்ரயில் வண்டிகளில் எல்லாமும் சுங்கை சிப்புட்டில் நிற்பதில்லை. உங்களுக்குத் தோதான காலை வண்டி நிற்காவிட்டால் கோலகங்சாரிலோ ஈப்போவிலோ ஏற வேண்டும். பள்ளி விடுமுறைச் சீட்டுகள் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும், திரும்பும் சீட்டையும் சேர்த்தே எடுங்கள்.

பட்டர்வொர்த் நிலையத்திலிருந்து பினாங்கு சென்ட்ரல் வழியாக ஃபெரி துறைக்கு நடைபாதை உண்டு. பெரியவர்களோடு இருபது நிமிடம் வையுங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து ஓடும் புதிய படகுகளில் கார் ஏறாது, ஆளும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் மட்டுமே. கட்டணம் சில வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்துவிடும், பணம் ஏற்றி வைக்கும் டச் அன் கோ கட்டண அட்டையில் பணம் இருக்கட்டும். அக்கரையில் இறங்கினால் பழைய நகரம் காலடியில். கார் நிறுத்தும் தொல்லையும் இல்லை, ஓட்டிய களைப்பும் இல்லை.

இதன் குறை மலைதான். ரயில் பட்டர்வொர்த் சேரும் நேரத்தில் மலை வரிசை நீண்டிருக்கும். துறையிலிருந்து 204ஆம் எண் பேருந்து மலைக்குப் போகும், செயலியில் அழைக்கும் கிராப் வாடகைக் கார் பிடித்தால் இன்னும் விரைவு.

யாருக்கு எது

பாட்டி தாத்தாவோடு ஆறு எட்டுப் பேர் போகிறீர்களா? முழுநாள் தனிச்சுற்றுலா எடுக்க வேண்டாம். ரயிலிலும் ஃபெரியிலும் போய், துறையிலேயே வழிகாட்டியைச் சந்தித்து மூன்று மணி நேரத் தெருச் சுற்றுலா மட்டும் பேசுங்கள். பத்து மணிக்குத் தொடங்கினால் முதலில் மாரியம்மன் கோயில், ஏனென்றால் நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலையில்தான் மீண்டும் திறப்பார்கள். பிறகு தர்கா, பள்ளிவாசல், ஆர்மேனியன் தெரு, கடைசியில் சியூ ஜெட்டி. வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசலுக்குள் பார்வையாளர் போக முடியாது, அந்த நாளைத் தவிருங்கள். ஒரு மணிக்கு வழிகாட்டியை அனுப்பிவிட்டு லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டு, இரண்டு கிராப் பிடித்து கெக் லோக் சி மேல் பார்க்கிங். கொடிமலையை இன்னொரு நாளைக்கு வையுங்கள்.

சின்னப் பிள்ளைகளோடு நால்வர் என்றால் சொந்தக் காரில் விடியற்காலை மலை, பதினொரு மணிக்கு நகரில் இரண்டு மணி நேர வழிகாட்டி. இந்த வரிசையில் மாரியம்மன் கோயிலுக்கு உடனே போனால்தான் நடை திறந்திருக்கும்.

வாகனத்தோடு முழுநாள் வழிகாட்டி நிஜமாகவே பொருந்துவது சக்கர நாற்காலியில் ஒருவர் இருக்கும் குடும்பத்துக்கும், வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்து கூடவே இருந்து எல்லாம் சொல்ல ஆள் வேண்டும் என்கிறவர்களுக்கும்தான். அப்போதும் பட்டியலில் மூன்று இடத்துக்கு மேல் சேர்க்க விடாதீர்கள்.

தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் நான்கு வழியும் பலிக்காது. முந்தின நாளே ரதங்கள் கிளம்பிவிடும், தண்ணீர்மலைப் பக்கத்துச் சாலைகள் அடைபட்டிருக்கும். அன்றைக்குப் போவதானால் முருகனுக்காக மட்டும் போங்கள்.

திரும்பும் ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே தீவை விட்டுக் கிளம்புங்கள். மாலையில் ஃபெரி ஒன்று தவறினால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும், அந்த இடைவெளியில் ரயில் போய்விட்டால் சீட்டுப் பணமும் போச்சு, அடுத்த வண்டியில் இடமும் இருக்காது.