கடன் போட்டிக்கு இந்த ஒரு ஏடு போதும். வட்டப் படத்தில் மட்டும் கவனம் தேவை

நாட்டின் கடன் பற்றிக் கல்லூரியில் போட்டி என்றதும் பேச்சுப் போட்டியும் வினாடி வினாவும்தான் முதலில் நினைவுக்கு வரும். மேடையில் கடன் 'மலை'யாகிவிடும், வினாடி வினாவில் மனப்பாடம் ஜெயிக்கும். நாகர்கோவில், மார்த்தாண்டம் கல்லூரிகளில் இதைக் கொஞ்சம் உருப்படியாக நடத்த நினைப்பவர்களுக்கு மத்திய பட்ஜெட்டைச் சுருக்கித் தரும் நிதி அமைச்சகத்தின் 'பட்ஜெட் அட் எ கிளான்ஸ்' ஏடு நல்ல சரக்கு. காசு கிடையாது. பட்ஜெட் இணையதளத்தில் பிடிஎஃப் ஆகவும் எக்செல் ஆகவும் கிடைக்கிறது.

2025-26 ஏட்டையே எடுத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. கடன் நீங்கலான வரவு 34.96 லட்சம் கோடி. துண்டு விழும் 15.69 லட்சம் கோடிதான் நிதிப் பற்றாக்குறை. இது நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.4 சதவீதம். வட்டி கட்ட மட்டும் 12.76 லட்சம் கோடி. போட்டியைத் தொடங்க இந்த எண்கள் போதும்.

தகராறு வருவது 'ரூபாய் எங்கே போகிறது' வட்டப் படத்தில். அங்கே வட்டிக்கு 20 காசு என்று போட்டிருக்கும். 12.76-ஐ 50.65-ஆல் வகுத்தால் 25 காசு வரும். ஏடு தப்பு என்று மாணவர்கள் கைதூக்குவார்கள், நடுவரும் திகைப்பார். தப்பு எதுவும் இல்லை. மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வரிப் பங்கு 14.22 லட்சம் கோடி, 50.65-க்குள் வராது, வட்டப் படத்தில் மட்டும் சேரும். இரண்டையும் கூட்டி 64.87-ஆல் வகுத்தால் 20 காசு சரியாக வந்துவிடும். 'ரூபாய் எங்கிருந்து வருகிறது' படத்தில் கடன் 24 காசு என்று காட்டுவதும் இதே கணக்கில்தான். ஏட்டின் பெரிய குறை இது. போட்டியின் முதல் கேள்வியாக வைத்தால் அதுவே பலமாகிவிடும்.

அணிக்கு மூன்று பேர். ஒரே துறை ஆட்கள் வேண்டாம். முக்கியச் செலவினங்கள் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து 45 நிமிடம் விடலாம். வேலை ஒன்றுதான்: பற்றாக்குறையில் 1 லட்சம் கோடி குறைக்க வேண்டும். வட்டியில் கைவைக்கக் கூடாது. வெட்டும் ஒவ்வொரு இனத்துக்கும் பக்கத்தில், முதலில் யார் வீட்டு அடுப்பு அணையும் என்று ஒரு வரி எழுத வேண்டும். மாநிலப் பங்கை வெட்டி லாபம் காட்டுகிற அணிக்குப் பூஜ்யம். அது அந்த 50.65-க்குள் இல்லவே இல்லை.

பெரும்பாலான அணிகள் சறுக்கும் இடம் மூலதனச் செலவு, அதாவது சாலை, ரயில் மாதிரி நீடித்து நிற்கும் சொத்துக்கான செலவு. 11.21 லட்சம் கோடி என்று கொழுத்துத் தெரியும், வெட்டினால் உடனே கத்த ஆள் இருக்காது. குலசேகரம், அருமனை பிள்ளைகளிடம் ரப்பரைச் சொன்னால் போதும். கன்று வைத்து ஏழு வருஷம் கழித்துத்தான் பால். கன்றுக்குக் கடன் வாங்குவது வேறு, தினப்படி அரிசிக்குக் கடன் வாங்குவது வேறு. இரண்டாவது வகைதான் வருவாய்ப் பற்றாக்குறை, 5.24 லட்சம் கோடி. மூலதனத்தை வெட்டும் அணிக்குப் பாதி மதிப்பெண்ணே கொடுக்கலாம்.

அடுத்தது பாதுகாப்பு. இந்த ஏட்டில் 4.92 லட்சம் கோடி, செய்தித்தாளில் 6.81 லட்சம் கோடி. ஓய்வூதியம் போன்றவை சேர்ந்தது பின்னது. எந்த எண் என்று விதித்தாளிலேயே எழுதிவிட்டால் சண்டை இல்லை. உணவு மானியம் 2.03 லட்சம் கோடியைத் தொடுகிறவர்கள் ரேஷன் கடை வரிசைக்குப் பதில் சொல்லட்டும்.

1 லட்சம் கோடியைக் குறைத்துவிட்டால் எவ்வளவு மிச்சம் என்றும் கேட்க வேண்டும். வட்டி 7 சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 7,000 கோடி. 12.76 லட்சம் கோடி வட்டிக்கு முன்னால் அது கடுகு. இந்த இடத்தில்தான் பிள்ளைகள் முகம் மாறும். பழைய கடன் என்ன செய்யும் என்பது அப்போதுதான் உறைக்கும்.

ஏட்டில் போதாதவையும் உண்டு. ஒரு வருஷம் வாங்கும் கடன் நன்றாகத் தெரிகிறது. சேர்ந்து கிடக்கும் மொத்தக் கடனின் முழு விவரத்துக்கு 'ரிசீட் பட்ஜெட்' ஏட்டுக்குப் போக வேண்டும். மத்திய அரசின் கடன் உற்பத்தியில் 56.1 சதவீதம் என்பது 2025-26 மதிப்பீடு, 2031 மார்ச்சுக்குள் 50-ஐ ஒட்டிக் கொண்டுவருவது இலக்கு. தமிழ்நாட்டு அரசின் கடன் 2026 மார்ச் முடிவில் சுமார் 9.3 லட்சம் கோடி என்பது 2025-26 மதிப்பீடு, அது தனிக் கணக்கு. இரண்டையும் கூட்டி 'தலைக்கு இவ்வளவு' என்று முழங்கும் அணிக்கு மதிப்பெண் குறைப்பதே நியாயம்.

மொழியும் இடிக்கும். ஏடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ்வழி மாணவர்களுக்கு நிதிப் பற்றாக்குறை, வருவாய்ப் பற்றாக்குறை, முதன்மைப் பற்றாக்குறை என்று பத்துப் பன்னிரண்டு சொற்களை ஒரு துண்டுத்தாளில் கொடுத்தாக வேண்டும். அட்டவணை மேலே 'கோடி ரூபாயில்' என்று சின்ன எழுத்தில் இருப்பதைக் கவனிக்காமல் 50,65,345-ஐ ஐம்பது லட்சம் என்று வாசிப்பவர்களும் இருப்பார்கள். ஒரு லட்சம் கோடிக்கு 12 சுழி, அதையும் அதே தாளில் எழுதலாம்.

தேதி முக்கியம். புதிய ஏடு பிப்ரவரி 1 அன்று வந்துவிடும். ஜனவரியில் ஜெராக்ஸ் எடுத்து பிப்ரவரியில் போட்டி வைத்தால், கையில் பழைய எண், போனில் புதிய எண் என்று ஒரே மேசையில் இரண்டு பட்ஜெட் ஓடும்.